விழுந்த மரத்தைத் தூளாக்காதீங்க, படிக்கட்டு ஆக்குங்க

 

இது நீளமான பதிவு. பாதியில நிறுத்திடாம கடைசி வரைக்கும் படிங்க. வர்ற செவ்வாய்க்கிழமை காலையில நம்ம கோயில் பின்வாசலுக்கு ஒரு லாரியும் ஒரு சிப்பர் மிஷினும் வருது. அதுக்குள்ள நிர்வாகக் குழு ஐயாமார்கள் மனசு மாறணும். அதுக்காகத்தான் எழுதுறோம். கோயில் பேரை நாங்க இங்க போடல. நம்ம சண்டை நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்கு வர்றவங்களுக்கு எந்தக் கோயில்னு தெரியும்.

விஷயம் இதுதான். போன வாரம் விடியற்காலையில அடிச்ச சுமத்ரா சூறைக்காற்றில கோயில் வளாகத்துக்குள்ள ரெண்டு மரம் சாய்ஞ்சிடுச்சு. ஒண்ணு கார் நிறுத்துற இடத்து ஓரமா நின்ன ஆப்பிரிக்க மகோகனி. இன்னொண்ணு மடப்பள்ளிக்குப் பின்னால நின்ன வேம்பு. அம்மன் புண்ணியத்தில யாருக்கும் அடி இல்ல. மஞ்சள் துணி கட்டி நாம சுத்தி வர்ற வேம்பு பத்திரமா நிக்குது, விழுந்தது அது இல்ல.

மறுநாளே குத்தகைக்காரர் வந்து கிளையெல்லாம் வெட்டி ஒதுக்கிட்டார். அடிமரம் ரெண்டும் அப்படியே கிடக்கு. நாங்க டேப் வச்சு அளந்தோம். மகோகனி சுற்றளவு ரெண்டே கால் மீட்டர். வளைவு இல்லாத நேர் பாகம் மட்டும் ஆறு மீட்டர். கணக்குப் போட்டா ரெண்டு கன மீட்டருக்கு மேல வருது. அறுக்கும்போது தூள், பட்டை, வெடிப்புன்னு பாதி போகட்டும். மிச்சம் ஒரு கன மீட்டர் நல்ல பலகை. 40 மில்லிமீட்டர் கனம், 250 அகலம், 900 நீளத்தில ஒரு படிப்பலகைன்னு வச்சா நூறு படிக்கு மேல தேறும்.

இப்போ அடுத்த விஷயம். தேக்காவில நம்ம கோயிலுக்கு நாலு பழைய கடைவீடு இருக்கு. அந்தக் காலத்து பக்தர் ஒருத்தர் கோயிலுக்கு எழுதி வச்சது. நாலும் வாடகைக்கு விட்டிருக்கு. அந்த வாடகைதான் நம்ம அன்னதானத்துல பெரும்பங்கு. அந்த நாலு வீட்டுலயும் மரப் படிக்கட்டு உளுத்துப் போச்சு. நாங்க போய் ஒவ்வொரு படியா தட்டிப் பார்த்தோம். 31 படி மாத்தியே ஆகணும். பின்கட்டு ஜன்னல் கதவு ஏழு, கீல் பிடிக்க மரம் இல்லாம தொங்குது. கீழே பூக்கடை வச்சிருக்கிற அக்கா, மேல் மாடிக்கு சரம் கட்டுற சாமானைத் தூக்கிட்டுப் போகும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா மிதிச்சுத்தான் ஏறுறாங்க. அவங்க மாமியாருக்கு எழுபது வயசுக்கு மேல. மேல ஏறினா இறங்குறதே இல்ல.

இந்தப் பழுது வேலை மூணு கூட்டத்துல ஒத்திப் போடப்பட்டிருக்கு. காரணம், ‘மரம் விலை ஏறிப்போச்சு’. அதே கூட்டத்துல, விழுந்த மரத்தை அரைச்சு எடுத்துட்டுப் போக காசு கொடுக்க ஒப்புதல் ஆயிடுச்சு. ஒரே காகிதத்துல நாலாவது வரியில ‘மரம் வாங்கப் பணம் இல்லை’. ஆறாவது வரியில ‘மரத்தை அப்புறப்படுத்தப் பணம் ஒதுக்கப்படுகிறது’. இதைப் படிச்சிட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது?

எங்க குழுவில பாதிப் பேர் துவாஸ், ஜூரோங் பக்கம் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க. அங்க ஒரு ஷீட்டை வெட்டினா மிச்சத் துண்டு எங்க போச்சுன்னு கணக்குக் கேட்பாங்க. நல்ல பீஸை ஸ்கிராப் தொட்டியில போட்டா அன்னிக்கே கூப்பிட்டு விசாரணை. முதலாளி காசுக்கு அவ்வளவு கணக்குன்னா, உண்டியல்ல பாட்டிமார் போட்ட ரெண்டு வெள்ளிக்கு அதைவிட கறாரான கணக்கு வேணாமா?

மறுப்பு சொல்றவங்க சொல்ற காரணங்களை ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம். யாரையும் கேலி பண்ண இல்ல. சில காரணத்துல நியாயமும் இருக்கு.

முதல் காரணம்: ‘புயல்ல விழுந்த மரம் அபசகுனம், சாஸ்திரத்துல கூடாதுன்னு இருக்கு.’

ஆமா, இருக்கு. அதை நாங்க மறைக்கல. ஆறாம் நூற்றாண்டில வராகமிகிரர் எழுதின பிருகத் சம்ஹிதையில, தெய்வ உருவம் செய்ய காட்டுக்குப் போய் மரம் தேர்ந்தெடுக்கிறதுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு. சுடுகாட்டு மரம், புற்று இருக்கிற மரம், யானை முறிச்ச மரம், இடி விழுந்த மரம், காற்றில சாய்ஞ்ச மரம், தானா விழுந்த மரம், இதெல்லாம் வேண்டாம்னு சொல்றார். கட்டில், ஆசனம் செய்யறதைப் பத்தின இன்னொரு அத்தியாயத்துலயும் கிட்டத்தட்ட இதே விலக்கு வருது.

ஆனா அது எதுக்குச் சொன்னதுன்னு பாருங்க. விக்கிரகத்துக்கும், படுக்கைக்கும் ஆசனத்துக்கும். வாடகை வீட்டுப் படிக்கட்டையும் ஜன்னல் கதவையும் அங்க சொல்லல. பூரி ஜகந்நாதர் கோயில்லயும் இதே முறைதான். கடைசியா 2015-ல நடந்த நவகளேபரத்துக்கு வேப்பமரம் தேடினப்போ எத்தனை நிபந்தனை! பறவைக்கூடு இருக்கக்கூடாது, இடி விழுந்திருக்கக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாங்க. அதே பூரியில, வருஷா வருஷம் புதுசா செய்யற மூணு தேரும் திருவிழா முடிஞ்சதும் பிரிக்கப்படுது. சாமி ஏறி வந்த அந்தத் தேர்க் கட்டை கோயில் அடுப்புக்கு விறகாப் போய் பிரசாதம் சமைக்குது. விக்கிரகத்துக்கு ஒரு அளவுகோல், அடுப்புக்கு ஒரு அளவுகோல். பெரியவங்க ரெண்டையும் குழப்பிக்கல. நாம ஏன் குழப்பணும்?

அதோட, அந்த விலக்குக்குள்ள தொழில் அறிவும் இருக்குன்னு நாங்க நினைக்கிறோம். காற்று ஒரு மரத்தை வளைச்சு வளைச்சு சாய்க்கும்போது, உள்ளே நார் நசுங்கி மெல்லிய முறிவு உண்டாகும். வெளியே பார்த்தா தெரியாது. பலகை இழைச்ச பிறகு குறுக்கே மயிரிழை மாதிரி கோடு தெரியும். அந்த இடத்துல பாரம் வச்சா ஒரு நாள் சட்டுனு ஒடியும். தச்சு வேலை தெரிஞ்சவங்க இன்னிக்கும் இதைப் பார்த்துத்தான் புயல் மரத்தைப் பிரிப்பாங்க. அதனால நாங்களே சொல்றோம்: இந்த மரத்துல கொடிமரம் வேண்டாம், வாகனம் தூக்குற தண்டு வேண்டாம், தேர் அச்சு வேண்டாம், பந்தல் கால் வேண்டாம், உத்திரம் வேண்டாம். சாமிக்கு ஆசனமும் வேண்டாம். படி, ஜன்னல் கதவு, அலமாரி, செருப்பு ரேக், மடப்பள்ளி சாமான் அடுக்கு, இதுக்கு மட்டும் கேட்கிறோம். படிக்குக்கூட ஒவ்வொரு பலகையையும் இழைச்சு, குறுக்குக் கோடு இருந்தா தள்ளிட்டு, நல்லதை மட்டும் எடுக்கணும்.

வேப்பமரத்தைக் காலால மிதிக்கலாமான்னு ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. மிதிக்க வேண்டாம். வேம்பு ஜன்னல் கதவுக்கும் அலமாரிக்கும் போகட்டும். பூச்சி அதிகம் அண்டாது, வீட்டுக்குள்ள அம்மன் மரம் இருக்கட்டும். படிக்கு மகோகனி. எதுக்கும் நம்ம குருக்களையும், குடமுழுக்குக்கு வந்த ஸ்தபதியையும் கேட்டுட்டுத்தான் ரம்பம் வைக்கணும். அவங்க கூடாதுன்னா நாங்க பேச்சை நிறுத்திக்கிறோம். ஆனா இதுவரைக்கும் அவங்க ரெண்டு பேரையும் யாரும் கேட்கவே இல்ல. கேட்காமலே ‘சாஸ்திரம்’னு சொல்லி கதவைச் சாத்தறது எந்த சாஸ்திரம்?

ரெண்டாவது காரணம்: ‘சிங்கப்பூர் சட்டம் விடாது.’

சட்டத்தைப் பத்திப் பேசினா தெளிவாப் பேசுவோம். வேலிக்கு வெளியே, சாலை ஓரத்துல, பூங்காவுல நிக்கிற மரம் அரசாங்கத்தோடது. விழுந்தாலும் அவங்களோடது. அதுல ஒரு கிளையைக்கூட நாம எடுக்கக்கூடாது. அதைத் தேசிய பூங்காக் கழகம் பார்த்துக்கும். சுற்றளவு 1 மீட்டருக்கு மேல இருக்கிற மரத்தை, மரப் பாதுகாப்பு வட்டாரத்துலயோ காலி நிலத்துலயோ அனுமதி இல்லாம வெட்டறது குற்றம். 2002-ல சாங்கி ஹால்டன் சாலையில ஒரு பழைய செங்கால் பாசிர் மரத்தை ஒரு சொத்து நிர்வாக நிறுவனம் அனுமதி இல்லாம வெட்டிப் போட்டுச்சு. வழக்கு ஆச்சு, அபராதம் ஆச்சு, மரத்துக்கு 76,000 வெள்ளிக்கு மேல நஷ்ட ஈடும் கட்ட வேண்டியதாச்சு. அந்தக் கட்டையைக்கூட எரிக்காம சிற்பிகள் கையில கொடுத்தாங்கங்கிறதையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க.

நம்ம கதை வேற. நாம எதையும் வெட்டல. நம்ம வேலிக்குள்ள நின்னது காற்றில விழுந்துச்சு. ஆனா நிலமும் நமக்குச் சொந்தம் இல்ல. இங்க புதுசா கோயிலுக்கு ஒதுக்குற நிலம் 30 வருஷக் குத்தகை. நம்ம கோயிலும் அப்படித்தான். அதனால நாங்க சொல்ற வழி: குத்தகைப் பத்திரத்துல மரத்தைப் பத்தி என்ன இருக்குன்னு படிங்க. நில உரிமையாளருக்கும் பூங்காக் கழகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்க. ‘எங்க வளாகத்துல விழுந்த மரத்தை எங்க கட்டடப் பழுதுக்குப் பயன்படுத்தலாமா’ன்னு நாலு வரி. எழுத்துல பதில் வரட்டும். வேண்டாம்னா விட்டுடுவோம். இந்த நாலு வரியை எழுத இதுவரைக்கும் யாருக்கும் நேரம் கிடைக்கல. சிப்பர் புக் பண்ண மட்டும் நேரம் கிடைச்சிருக்கு.

ஒரு வக்கீல் தம்பி எங்களுக்குச் சொன்னார். இங்கிலாந்துல பழைய காலத்துச் சட்டப்படி, பண்ணையில குடியிருக்கிறவங்களுக்கு அந்தப் பண்ணை மரத்துலேருந்தே வீட்டைப் பழுதுபார்க்க அளவா மரம் எடுத்துக்கிற உரிமை உண்டாம். இந்த நாட்டுல அது நமக்குப் பொருந்தும்னு நாங்க சொல்ல வரல. அதுல இருக்கிற நியாயத்தைத்தான் சொல்றோம். ஒரு இடத்துல வளர்ந்த மரம் அந்த இடத்துல வாழறவங்க கூரைக்கும் படிக்கும் முதல்ல போகணும். நிலத்துக்கு நாம குடியிருக்கிறவங்க. கடைவீட்டுக்கு நாம வீட்டுக்காரங்க. ரெண்டு பக்கமும் நின்னு பார்க்கிற நமக்கு இது புரியாட்டி வேற யாருக்குப் புரியும்?

கடைவீட்டுக்கும் விதி இருக்கு. தேக்கா வட்டாரம் 1989-லேயே பழமைப் பாதுகாப்பு வட்டாரமா அறிவிக்கப்பட்டது. அங்க அலுமினிய ஜன்னலைப் போட்டு மூடிட முடியாது. இருக்கிறதை முடிஞ்ச வரைக்கும் காப்பாத்து, பக்குவமா மீட்டெடு, கவனமாப் பழுதுபார், இதுதான் நகர மறுசீரமைப்பு ஆணையத்தோட கொள்கை. ஆக மரப் படிக்கு மரம்தான் போடணும். கட்டட பலத்தைத் தொடற வேலை எதுவா இருந்தாலும் பி.இ. கையெழுத்து இல்லாம ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். ஆனா எப்படியும் மரம் வேணும்ங்கிறப்போ, வாசல்ல கிடக்கிற மரத்தை ஏன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறோம்?

மூணாவது காரணம்: ‘வீணாப் போகல, அரைச்ச தூளும் பயன்படுது.’

உண்மைதான். கரையோரப் பூந்தோட்டங்கள்ல அந்தப் பெரிய கண்ணாடிக் கூடத்தைக் குளிர வைக்கிறதுக்கு, நம்ம தீவுல வெட்டிப்போட்ட மரத்தூளைக் கொதிகலன்ல எரிச்சுத்தான் சக்தி எடுக்கிறாங்க. நல்ல ஏற்பாடு. கிளை, பட்டை, வேர், உளுத்த பாகம் எல்லாம் அங்கே போகட்டும், இல்லாட்டி உரமாகட்டும். ஆனா எரிக்கிறது கடைசிப் படி. ஆறு மீட்டர் நேர் மகோகனியை முதல் நாளே எரிக்கக் கொடுக்கிறது, அரிசி மூட்டையைக் கொண்டுபோய் கோழித் தீவனத்துல கொட்டற மாதிரி. கோழியும் தின்னும், யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா வரிசையில நிக்கிற மனுஷனுக்குச் சோறு எங்கே? ஊர்ல எரிக்கிற குப்பைச் சாம்பல் எல்லாம் செமக்காவ் தீவுக்குப் போகுது. அதுவும் 2035 வாக்கில நிரம்பிடும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. முடிஞ்ச வரைக்கும் பொருளைப் பொருளாவே வச்சுக்கங்கன்னு பள்ளிக்கூடத்துல நம்ம பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. கோயில்ல நாம அதைச் செஞ்சு காட்ட வேணாமா?

இதே ஊர்ல செய்யறவங்களும் இருக்காங்க. ரோஜர் அண்ட் சன்ஸ்னு ஒரு தச்சுப் பட்டறை. அப்பா தொடங்கினதை இப்போ பிள்ளைங்க நடத்துறாங்க. சிங்கப்பூர்ல மேம்பாட்டுக்காக வெட்டப்படற மரத்தை வாங்கி, அறுத்து, காயவச்சு, மேசை நாற்காலி செய்யறாங்க. நம்ம சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தையும் அங்சானாவையும் சாதாரணமா நினைக்காதீங்க. அங்சானா நம்ம ஊர் வேங்கைக்கு உறவு. தெம்புசு வைரம் பாய்ஞ்ச மரம், ஐந்து வெள்ளி நோட்டுல படமே போட்டிருக்கு. சீனர் ஒருத்தர் பட்டறையில நம்ம தீவு மரத்துக்கு இருக்கிற மரியாதை, மரத்தைக் கும்பிடற நம்ம கோயில்ல இல்லைன்னா அது நமக்கு அழகா?

நாலாவது காரணம்: ‘எல்லாம் சேர்த்தா செலவு மிச்சமாகாது.’

இலவசம்னு நாங்க சொல்லவே இல்ல. அறுக்கக் கூலி உண்டு. சுங்கை காடுட் பக்கம் கொண்டுபோக லாரி வாடகை உண்டு. பச்சை மரத்தை உடனே படியாப் போட முடியாது. போட்டா மூணு மாசத்துல முறுக்கிக்கும், வெடிக்கும். சூளையில காயவச்சா வாரக்கணக்கு, கூலி கூட. நிழல்ல காத்தாட அடுக்கினா மாசக்கணக்கு. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம்னு பழைய தச்சர்கள் கணக்கு சொல்லுவாங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல எவ்வளவு வச்சாலும் எலும்பு மாதிரி காயாது, அது போதும், வீட்டுக்குள்ள இருக்கிற காத்துக்குப் பழகினாப் போதும். போரிக் கலவை அடிக்கலைன்னா வெள்ளை மரத்துல வண்டு விழும். இதெல்லாம் செலவுதான்.

ஆனா இன்னொரு பக்கமும் எழுதுங்க. அரைச்சு எடுத்துட்டுப் போகக் கொடுக்கிற காசு மிச்சம். வாங்க வேண்டிய பலகைக்குக் கொடுக்கிற காசு மிச்சம். தொண்டூழியர் கை சும்மா கிடைக்குது. எங்க குழுவில ரெண்டு பேர் முறையாத் தச்சு வேலை பார்த்தவங்க. இந்தக் கணக்கை ரெண்டு பக்கமும் போட்டு ஒரு தாள்ல காட்டுங்கன்னுதான் கேட்கிறோம். போட்ட பிறகு நஷ்டம்னு வந்தா, நாங்களே சிப்பர் மிஷினுக்கு வழி விடறோம். கணக்கே போடாம ‘மிச்சமாகாது’ன்னா, அது கணக்கு இல்ல, சோம்பல்.

உடனே வேணும்னு சொல்ற 31 படியில, ரொம்ப ஆபத்தான ஏழெட்டுப் படியை இப்பவே வாங்கின மரத்துல மாத்துங்க. பூக்கடை அக்கா மாமியார் ஒரு வருஷம் காத்திருக்க முடியாது. மிச்சத்துக்கு நம்ம மரம் காயட்டும்.

மரத்தை வச்சுக்கிட்டா கெட்டுப் போயிடும்னு ஒருத்தர் சொன்னார். கெட்டுப் போகும், நாம சும்மா விட்டா. 2005 ஜனவரியில சுவீடன்ல குட்ருன்னு ஒரு புயல். ஏழரைக் கோடி கன மீட்டர் மரம் ஒரே ராத்திரியில சாய்ஞ்சுது. அவ்வளவையும் ஒரே நேரத்துல அறுக்க முடியாதுன்னு, பழைய விமான ஓடுபாதையிலகூட மலை மாதிரி அடுக்கி, ராத்திரி பகலா தண்ணி தெளிச்சு வச்சிருந்தாங்க. நனைஞ்சுக்கிட்டே இருக்கிற மரத்துல பூஞ்சை ஏறாது, வண்டு இறங்காது. இது நமக்குத் தெரியாத விஷயமா? காஞ்சிபுரத்துல அத்தி வரதர் 40 வருஷம் குளத்துக்குள்ள இருந்துட்டு 2019-ல வெளியே வந்தாரே, அத்தி மரத்துல செஞ்ச திருமேனிதானே? நமக்கு அவ்வளவு பெரிய வேலை இல்ல. ரெண்டு அடிமரம். வெட்டின முனையில பெயிண்ட் பூசி, தரையில படாம கட்டை வச்சுத் தூக்கி, மேல ஒரு கூரை போட்டாப் போதும், சா மில்லுக்குப் போற வரைக்கும் தாங்கும். ஒவ்வொரு நாள் தாமதமும் மரத்துக்குக் கேடு. அதனாலதான் அவசரப்படறோம்.

சாமர்த்தியமா அறுக்க வழி இல்லாம போனா என்ன ஆகும்னு நம்ம தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடிக்காரங்களைக் கேளுங்க. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிச்சு. லட்சக்கணக்குல தென்னை சாய்ஞ்சுது. அரசாங்கம் கொடுத்த நிவாரணம் ஒரு மரத்துக்கு, வெட்டி அகற்றறதையும் சேர்த்து 1,100 ரூபாய். பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை தோப்புல கிடந்து அழுகறதைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க எத்தனை பேர். வீட்டுக்கூரை பறந்துபோச்சு, பக்கத்துலயே மரம் கிடக்குது, நடுவுல ரம்பம் இல்ல. அவங்களுக்கு வழி இல்ல. நமக்கு வழி இருக்கு, மனசுதான் இல்ல.

ஐந்தாவது காரணத்தை யாரும் வாயால சொல்றதில்ல. ஆனா அதுதான் உண்மையான காரணம்னு நாங்க நினைக்கிறோம். படிக்கட்டுக்கு உபயப் பலகை வைக்க முடியாது.

ராஜகோபுரத்துக்கு வண்ணம் பூச உபயதாரர் வரிசையில நிப்பாங்க. வெள்ளிக் கவசத்துக்கு, ஏர்கான் போட, எல்லாத்துக்கும் ஆள் உண்டு. பளிங்குல பேர் வெட்டி வைப்போம், மைக்கில வாசிப்போம். தேக்காவில வாடகை வீட்டுப் பின்கட்டுல 14-வது படியை யார் உபயம் பண்ணுவாங்க? அதுல பேர் எழுதினா மிதிபடும். அதனால அது மூணு கூட்டமா ஒத்திப் போகுது. நாங்க யார் மனசையும் நோகடிக்க எழுதல. ஆனா உழவாரம்ங்கிற சின்னக் கருவியைத் தோள்ல வச்சுக்கிட்டு, கோயில் பிரகாரத்துல புல் செதுக்கின அப்பர் பெருமான் பேரைச் சொல்லித்தான் நாம ஞாயிற்றுக்கிழமை கூடறோம். அவர் செதுக்கின புல்லுக்கு உபயப் பலகை இல்ல.

நம்ம மூதாதையர் இந்த ஊர்ல எப்படிக் கோயில் கட்டினாங்கன்னு நினைச்சுப் பாருங்க. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-ல முதல்ல மரமும் அத்தாப்பும்தான். தேக்கா வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் பழைய பேரே சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில். பக்கத்துல சுண்ணாம்புக் காளவாய், அங்க வேலை பார்த்த கூலிக்காரங்க கும்பிட்ட அம்மன். அந்தக் காலத்துல ஒரு பலகையைத் தூக்கி எறிஞ்சிருப்பாங்களா? கிடைச்ச மரத்தை வச்சுத்தான் கும்பிட ஒரு இடம் உண்டாச்சு. நமக்கு வசதி வந்துடுச்சு, சந்தோஷம். வசதி வந்ததும் விழுந்த மரம் குப்பையாத் தெரியுதுன்னா, கண்ணுல ஏதோ கோளாறு.

பாதுகாப்பைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதுல விளையாடக்கூடாது. 2017 பிப்ரவரி 11-ந் தேதி பூமலையில 270 வயசுக்கு மேலான, 40 மீட்டர் உயர தெம்புசு மரம் சாய்ஞ்சு ஒரு பெண் உயிர் போச்சு. 2024 செப்டம்பர் 17-ல அடிச்ச சூறைக்காற்று மணிக்கு 83 கிலோமீட்டர், முந்நூறுக்கு மேற்பட்ட இடங்கள்ல மரமோ கிளையோ விழுந்துச்சு. 1984 ஏப்ரல்ல தெங்கா பக்கம் மணிக்கு 144 கிலோமீட்டர் வரைக்கும் காற்று பதிவாகியிருக்கு. ஆக இனியும் மரம் விழும். விழுந்து கிடக்கிற மரமும் ஆபத்துதான். வளைஞ்சு இறுகி நிக்கிற கிளையை வெட்டினா வில்லு மாதிரி திரும்பி அடிக்கும். தம்பிமார்கள் யாரும் ஆர்வத்துல ரம்பம் தூக்கிட்டு வராதீங்க. செயின்சா வேலை பயிற்சி பெற்ற ஆளுக்கு மட்டும். நம்ம வேலை தூக்கறது, அடுக்கறது, இழைக்கறது, எண்ணெய் பூசறது. பூட்ஸ், கையுறை இல்லாம யாரும் உள்ள வர வேண்டாம். ஃபேக்டரியில செய்யற மாதிரி காலையில ஒரு டூல்பாக்ஸ் மீட்டிங் போட்டுட்டுத்தான் தொடங்குவோம்.

ஆக நாங்க நிர்வாகக் குழுவிடம் கேட்கிறது இவ்வளவுதான்.

ஒண்ணு, செவ்வாய்க்கிழமை சிப்பர் கிளைக்கும் வேருக்கும் மட்டும் வரட்டும். ரெண்டு அடிமரத்தையும் தொட வேண்டாம்.

ரெண்டு, இந்த வாரமே நில உரிமையாளருக்கும் பூங்காக் கழகத்துக்கும் எழுத்துல கேளுங்க. குருக்களையும் ஸ்தபதியையும் கேளுங்க.

மூணு, அறுக்க, காயவைக்க, புதுசா வாங்க, அரைக்க, நாலுக்கும் விலை வாங்கி ஒரே தாள்ல போட்டு அறிவிப்புப் பலகையில ஒட்டுங்க. பக்தர்கள் பார்க்கட்டும்.

நாலு, கடைவீட்டுல ஆபத்தான படிகளை மரம் காயற வரைக்கும் காத்திருக்காம இப்பவே மாத்துங்க.

ஐந்து, இனி மரம் விழுந்தா என்ன செய்யணும்னு ஒரு பக்கத்துக்கு ஒரு நடைமுறை எழுதி வைங்க. யார் அளக்கணும், யாரைக் கேட்கணும், எங்க அடுக்கணும். அடுத்த காற்று நம்ம கூட்டத் தேதியைப் பார்த்து வராது.

பக்தர்களே, உங்ககிட்ட கேட்கிறது அதைவிடச் சின்னது. திங்கட்கிழமை சாயரட்சை பூஜைக்கு வர்றப்போ அலுவலகத்துல ஒரு நிமிஷம் நின்னு, ‘அந்த மரத்தை அறுக்கலாமேங்க’ன்னு மரியாதையாச் சொல்லிட்டுப் போங்க. சத்தம் போட வேண்டாம், சண்டை வேண்டாம். நூறு பேர் ஒரே வார்த்தையைப் பணிவாச் சொன்னா அதுக்கு இருக்கிற பலம் தனி. எங்க கருத்து தப்புன்னு நினைக்கிறவங்க கீழே எழுதுங்க, பதில் சொல்றோம். குழு உறுப்பினர்கள் யாராவது விளக்கம் கொடுக்க வந்தா நல்ல வார்த்தையில பேசுங்க. அவங்களும் சம்பளம் இல்லாமத்தான் உழைக்கிறாங்க.

இழைக்கத் தெரிஞ்சவங்க, லாரி உள்ளவங்க, அடுக்கி வைக்க இடம் உள்ளவங்க பேர் கொடுங்க. பேரை எங்கேயும் வெட்டி வைக்க மாட்டோம். அந்தப் படியில ஏறி இறங்கறவங்க கால் வழுக்காம இருந்தா அதுவே போதும்.

அம்மன் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

உழவாரப் பணித் தொண்டூழியர்கள்